மழையை நம்பாத விதைகள்

“அக்கா, இன்ஜினியர் வண்டி வருது. ஹாரன் அடிக்கல.”

“அடிக்கலன்னா என்னடி?”

“நல்ல சேதின்னா கேட்டுலேருந்தே அடிச்சுக்கிட்டு வருவாரு. இன்னிக்கு எழவு வீட்டுக்கு வர்ற மாதிரி மெதுவா வர்றாரு.”

பெரியவள் சல்லடையை ஆட்டுவதை நிறுத்தவில்லை. தகரக் கொட்டகையின் ஆணி ஓட்டைகள் வழியாக மதிய வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சுவர் நெடுகப் பெரிய கண்ணிலிருந்து சிறிய கண்வரை சல்லடைகள் தொங்கின. எந்த விதை எதில் தங்கும், எதில் இறங்கும் என்று அவள் கைக்குத் தெரியும். அவளுடைய சொந்தப் பெயர்தான் யாருக்கும் தெரியாது. சல்லடையம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

கேட்டிலிருந்து குரல் கொடுத்தவள் சின்னவள். இருவரும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். புருஷன்மார் இருவருக்கும் லாரி ஓட்டும் வேலை. ஏறிப் போனால் வாரக் கணக்கில் தலை காட்ட மாட்டார்கள். “அவங்க ரோட்டைத் தேய்க்கிறாங்க, நாம ரோட்டுக்குப் பூ வைக்கிறோம்” என்பாள் சின்னவள். அது விளையாட்டுப் பேச்சில்லை. பழைய பஸ் டிப்போவுக்குப் பின்னால் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் காட்டுப் பூச்செடி வளர்த்து, விதை எடுத்து, நெடுஞ்சாலைத் துறைக்குக் கொடுப்பதுதான் இவர்கள் தொழில். புதுச் சாலை போட்டால் வெட்டிய மேடும் கொட்டிய மண்ணும் மொட்டையாக நிற்கும். அங்கே தூவுவதற்கு அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடியைப் போல வராது. தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, வேரால் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அவர்கள் வளர்த்ததில் முக்கால்வாசி ஒரே பூ. புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. இவர்கள் வைத்த பெயர் ஊதாக்குல்லா. மேலிதழ் முன்னால் மடிந்து, குளிருக்குக் குல்லா மாட்டிய குழந்தை எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும்.

போன வருஷம் புறவழிச்சாலையின் பெரிய சரிவு முழுக்க அந்த விதையைத்தான் தூவினார்கள். முதல் மழையில் முளைத்து, இரண்டு மாதம் கழித்து ஒரே வாரத்தில் மொத்தமும் பூத்தது. வளைவில் திரும்பியதும் எதிரே ஒரு ஊதா மலை. லாரிகள் தாமாக வேகத்தைக் குறைத்தன. ஒரு பஸ்ஸில் இருந்த ஜனம் முழுவதும் ஒரு பக்க ஜன்னலுக்கு நகர்ந்ததில் பஸ்ஸே சாய்ந்தது. “நம்ம கையால சலிச்சது” என்று பெரியவள் வாய் திறந்தபோது, “மெதுவா சொல்லுங்கக்கா, கண்ணு பட்டுடப் போகுது” என்று சின்னவள் அவள் வாயைப் பொத்தினாள்.

இன்ஜினியர் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார். முப்பது வயதைத் தாண்டாத பிள்ளை. பூ வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

“உக்காருங்க தம்பி.”

“உக்கார வரலம்மா. சரிவு போச்சு.”

“போச்சுன்னா?”

“போன வருஷம் விழுந்த விதையெல்லாம் இந்த முதல் மழைக்கு முளைச்சுதா? நாமதான் போய்ப் பாத்தோமே, பாய் விரிச்ச மாதிரி. அப்புறம் மூணு வாரம் சொட்டு மழை இல்ல. மொத்தமும் கருகிடுச்சு. அதுக்கு மேல ஒரு காத்து மழை அடிச்சு, மண்ணு ரோட்டுக்கு வந்துடுச்சு. பைக்ல வந்த ஒருத்தர் வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு கிடக்காரு.”

சல்லடை நின்றது.

“ஒண்ணுகூடவா மிஞ்சல?”

“ஒண்ணுகூட.”

வெயிலில் செடி சாவது அவளுக்குப் புதிதில்லை. பாதி சாகும், முக்கால்வாசி சாகும். ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதுதான் நெஞ்சில் கல்லைப்போல விழுந்தது.

“மேல என்ன சொல்றாங்க?” என்றாள் சின்னவள்.

“கான்கிரீட் பலகை பதிச்சு மூடிடலாம்ங்கிறாங்க. பலகை வந்து இறங்கிடுச்சு. நான் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டு, இந்த மழைக்காலம் முடியிற வரைக்கும் தவணை வாங்கியிருக்கேன். அதுக்குள்ள சரிவுல பச்சை நிக்கணும். நிக்கலன்னா இந்தச் சரிவோட போகாதும்மா. இனிமே எந்த ரோட்டுக்கும் பூவே கிடையாது, எல்லாம் பலகைதான்.”

“புது விதை இருக்கு தம்பி. அறுத்து நாலு மாசம்தான் ஆச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு முளைக்கும்.”

இன்ஜினியர் தயங்கினார். “போன தடவை போட்டதும் அதுதானேம்மா?”

சின்னவள் பெரியவள் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, முதமுதல்ல நாம விதை எடுத்தோமே, பழைய ரோட்டு வளைவு. மூடிப்போன ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல. அங்க யாரும் விதைக்கவும் இல்ல, தண்ணி ஊத்தவும் இல்ல. அங்கயும் செத்திருக்குமா?”

“போய்ப் பாத்தாத்தானே தெரியும்” என்றார் இன்ஜினியர், தொப்பியை மாட்டிக்கொண்டே.

மறுநாள் காலையில் அவருடைய ஜீப்பிலேயே போனார்கள். புதுச் சாலை வந்தபிறகு அந்தப் பழைய சாலையில் ஆட்டோகூடப் போவதில்லை. தார் வெடித்து, ஓரங்கள் மண்ணுக்குள் புதைந்திருந்தன. வளைவின் இரண்டு பக்கமும் பார்த்தால் காய்ந்த குச்சி, காய்ந்த சருகு.

“இங்கயும் எழவுதான்” என்றாள் சின்னவள்.

பெரியவளுக்கு மூட்டு வலி. நின்றுகொண்டே பார்க்க முடியாமல், “இருடி, ஒரு நிமிஷம்” என்று சாலையோரத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பேச்சு மூச்சில்லாமல் போய்விட்டாள்.

“என்னக்கா, மயக்கமா?”

“உக்காருடி.”

“மண்ணு ஒட்டும்க்கா.”

“ஒட்டட்டும், உக்காரு. தம்பி, நீங்களும்.”

மூவரும் சாலையோரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல உட்கார்ந்தார்கள். நின்றபோது குச்சியாகத் தெரிந்த இடம், கண் தாழ்ந்ததும் வேறு ஊராகிவிட்டது. செத்த செடிகள் நிறைய இருந்தன, மறுப்பதற்கில்லை. அவற்றின் நிழலில் ஒரு செடி காய் காய்த்து முற்றி நின்றது. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று இப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. ஒரு கல்லுக்கு அடியிலிருந்து இன்னொன்று நிமிரவே நிமிராமல் தரையோடு தரையாக ஊர்ந்துபோய், ஊர்ந்த இடத்திலேயே ஒரு பூ பூத்திருந்தது. சருகை விலக்கினால், நேற்றுப் பிறந்ததுபோல இரண்டே இலையோடு ஒரு நாற்று. பக்கத்தில் நான்கு இலையோடு ஒன்று. ஒரே மண். ஒரே மழை. ஒன்றுக்குத் தாத்தா வயது, ஒன்றுக்குத் தொட்டில் வயது.

“இது என்னம்மா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாசத்துல இருக்கு?” என்றார் இன்ஜினியர்.

பெரியவளுக்கு அவளுடைய நிலம் கண்முன் வந்து நின்றது. இந்த வளைவிலிருந்து எடுத்த விதையை முதல் வருஷம் விதைத்தபோது அங்கேயும் இப்படித்தான் இருந்தது. ஒன்று இன்றைக்குப் பூக்கும், ஒன்று அடுத்த மாதம் பூக்கும். காய் முற்றினால் படாரென்று வெடித்து விதையை எறிந்துவிடும். ஒவ்வொரு கிளைக்கும் துணிப்பை கட்டி, மாதக் கணக்கில் குனிந்து குனிந்து பொறுக்கியதில்தான் இந்த மூட்டே போனது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லோருக்கும் முன்னால் பூப்பதை “முந்திரிக்கொட்டை” என்று பிடுங்கினாள். பின்னால் வருவதைச் “சோம்பேறி” என்று பிடுங்கினாள். ஈரத்துணியில் சுற்றி வைத்தும் முளைக்காத விதையை “மக்கு” என்று குப்பையில் கொட்டினாள். நடுவில் ஒன்றுபோல வந்ததை மட்டும் அடுத்த வருஷத்துக்கு வைத்தாள். சில வருஷத்தில் நிலம் ராணுவம் மாதிரி ஆகிவிட்டது. ஒரே நாளில் முளை, ஒரே நாளில் பூ, ஒரே நாளில் அறுப்பு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மூக்கில் விரலை வைத்தார்கள்.

“ஏன்க்கா ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?”

“இது எல்லாத்தையும் நான் பிடுங்கிப் போட்டேன்டி” என்றாள் பெரியவள். “எல்லாரும் ஒண்ணா வந்தாத்தான் ஒழுங்குன்னு நெனைச்சேன். ஒண்ணா வந்தது, ஒண்ணாவே போயிடுச்சு.”

“நீங்க மட்டுமா? நானும்தான் பிடுங்கினேன். எனக்கும் இடுப்பு வலி.”

பெரியவள் பையிலிருந்து ஒரு சிறிய சல்லடையை எடுத்தாள். அது இல்லாமல் அவள் கடைக்குக்கூடப் போவதில்லை. செடியே இல்லாத இடத்தில் ஒரு பிடி மேல்மண்ணை அள்ளிப் போட்டு ஆட்டினாள். மண் இறங்கியது. சல்லடையில் விதைகள் தங்கின. கறுப்பு, பழுப்பு, சாம்பல், புள்ளி போட்டது, சுருங்கியது, மழமழவென்று மணிபோல் இருப்பது. வெறும் தரை என்று நினைத்த இடத்தில் ஒரு பிடிக்குள் அத்தனை.

“எந்த வருஷத்து விதைம்மா இது?” இன்ஜினியர் கேட்ட குரல் தாழ்ந்திருந்தது, தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல.

“எல்லா வருஷத்து விதையும் இதுல இருக்கும் தம்பி.”

அந்தப் பிடி விதையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியில் பரப்பி, அடுப்படி அலமாரியில் வைத்தாள். அவள் சொந்த விதையாக இருந்தால் நாலாம் நாள் துணியே தெரியாது, அவ்வளவு முளை இருக்கும். இதில் நாலாம் நாள் ஏழெட்டு விதைகள் வாய் திறந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து, மறந்துபோன கடிதத்துக்குப் பதில் போடுவதுபோல, இன்னும் நாலைந்து. மற்றதெல்லாம் தண்ணீரில் ஊறியும் கல்லாகவே கிடந்தன.

“மக்கு” என்றாள் சின்னவள், எட்டிப் பார்த்து.

“அப்படிச் சொல்லாதே.”

“நீங்க சொல்லிக் குடுத்த வார்த்தைதானேக்கா.”

பெரியவள் ஒரு கல் விதையை எடுத்து, கத்தி முனையால் தோலைக் கீறினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாகப் பிளந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று பருப்பு, அதற்குள் ஊசி முனை அளவுக்கு மடங்கிக் கிடந்தது ஒரு பச்சை.

“செத்ததில்லடி.”

“அப்போ ஏன் முளைக்கல?”

“முளைக்க மாட்டேங்குது. தண்ணியிலேயே கிடந்தும் தண்ணியை நம்பல. இந்த மழை நிக்குமோ ஓடுமோ, பாத்துக்கிட்டே இருக்கு. அண்ணன் போகட்டும், அவன் பொழைச்சாச் சரி, இல்லன்னா நான் இருக்கேன்னு உள்ளயே உக்காந்திருக்கு.”

சின்னவளுக்குக் கேலி வரவில்லை. இருவரும் ஒரே ஈரத்துணியின் மேல் தலையைச் சேர்த்து வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஜினியரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்து, அதே வேகத்தில் வாடியது.

“சரிதாம்மா, இதைத்தான் போடணும். ஆனா இது டெஸ்ட்ல பாஸாகாதே. துறைக்கு விதை வாங்கினா முளைப்புப் பரிசோதனை பண்ணணும். பத்து நாள்ல நூத்துக்குத் தொண்ணூறு முளைக்கணும். இது பத்துகூட முளைக்காது. பெயிலான விதையை நான் எப்படி வாங்குறது?”

“பத்து வருஷத்துக்கு முளைக்கப் போறதைப் பத்து நாள்ல காட்டுன்னா எப்படி சார்?” என்றாள் சின்னவள்.

“எனக்குப் புரியுது. விதிக்குப் புரியாதே.”

மூவரும் சரிவின் அடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே பலகைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் துண்டை விரித்துக் கல் மேஸ்திரி ஒருவர் சாய்ந்திருந்தார். பலகை பதிக்க வந்த கூட்டத்துக்குத் தலைவர். நல்ல மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

“என்ன சார், பூவுக்குப் பொண்ணு பாத்தாச்சா? எப்ப முகூர்த்தம்? என் ஆளுங்க சும்மா உக்காந்து என் தலையைத் திங்கிறாங்க.”

“கொஞ்சம் பொறுங்க மேஸ்திரி.”

“நான் பொறுப்பேன். மண்ணு பொறுக்குமா? அங்க பாருங்க, இன்னொரு வண்டி மண்ணு இறங்கத் தயாரா இருக்கு.”

மண் என்ற சொல்லைக் கேட்டதும் இன்ஜினியர் நிமிர்ந்தார்.

“அம்மா, விதைன்னாத்தான் டெஸ்ட். மண்ணுக்கு யார் டெஸ்ட் கேப்பாங்க? சரிவுக்கு மேல்மண் போட எனக்கு அதிகாரம் இருக்கு. அந்தப் பழைய ரோடும் எங்க துறையோடதுதான். எங்க மண்ணை எடுத்து எங்க மண்ணுலேயே போடறேன். விதை மண்ணுக்குள்ள வரட்டும்.”

சின்னவள் கையைத் தட்டினாள். பெரியவள் தட்டவில்லை.

“தம்பி, அந்த வளைவு ஒண்ணுதான் மிச்சம். அதைச் சுரண்டி இங்க கொட்டி, இங்க பச்சை நிக்காம இவர் பலகையை வச்சு மூடிட்டாருன்னா, அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அப்புறம் உலகத்துல எங்க போய்த் தேடுவேன்?”

மேஸ்திரி சாய்ந்திருந்த பலகையிலிருந்து இறங்கி நின்றார்.

பெரியவள் சரிவை ஏறிட்டுப் பார்த்தாள். மழை அரித்த கோடுகள் நகம் கீறியதுபோல இறங்கியிருந்தன. வளைவில் ஊர்ந்துபோய்ப் பூத்த அந்த ஒற்றைப் பூ நினைவுக்கு வந்தது. அது இருந்த இடத்திலேயே இருந்தால் பத்திரம். ஆனால் இந்தச் சரிவு போனால் அதற்கு இனி எந்தச் சாலையோரமும் இல்லை.

“ஒரு பக்கத்து மண்ணை மட்டும் எடுப்போம்” என்றாள் கடைசியில். “அதுவும் ரெண்டு விரல் ஆழம். மறுபக்கத்தை யாரும் தொடக்கூடாது.”

மேஸ்திரியின் ஆட்கள்தான் மண்ணை வெட்டிக் கொடுத்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று அவரே அனுப்பினார். சாக்குச் சாக்காக வந்த மண் கொட்டகையில் குவிந்ததும், பெரியவளின் கை தானாகச் சுவரில் இருந்த சல்லடைக்குப் போனது. அதில் குச்சி இருந்தது, சருகு இருந்தது, பூச்சிக்கூடு, பதர், பாதி கடித்த விதை. இப்படி ஒரு குவியலை வாழ்நாளில் அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

“அக்கா.”

“கொஞ்சம் சுத்தம் பண்ணிடறேன்டி. பாக்கவே அசிங்கமா இருக்கு.”

“எதை எடுப்பீங்க? எது வேண்டாம்னு சொல்லுங்க பாப்போம்.”

பெரியவள் குவியலைப் பார்த்தாள். கறுப்பை எடுப்பதா, சாம்பலை எடுப்பதா? எது எந்த வருஷத்து வெயிலுக்காகக் காத்திருக்கிறது என்று எந்தச் சல்லடைக்குத் தெரியும்? அவள் சல்லடையை மறுபடியும் ஆணியில் மாட்டினாள். கைக்கு வேலை இல்லாமல் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

“நம்ம விதையும் ஒரு மூட்டை கலந்துடலாம்” என்றாள் சின்னவள். “முதல்ல ஓடி வர்றதுக்கும் ஆள் வேணும்ல? அது காஞ்சு விழுந்தாலும் பின்னால வர்றதுக்கு நிழலாகும்.”

பெரியவள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. “உனக்கு மூளை எங்க இருந்துடி வருது?”

“உங்ககூட இருந்து இருந்து மழுங்கினது போக மிச்சம்க்கா.”

மண்ணைச் சரிவில் பரப்பி, அது ஓடாமலிருக்க மேலே சணல் வலையை விரித்து ஆணி அடித்தார்கள். மழை வந்தது. அவர்களுடைய மூட்டை விதை சொல்லி வைத்ததுபோல ஒரே நாளில் முளைத்தது. வளைவு மண்ணிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றும் வந்தது. பிறகு மழை நின்றது. வெயில் பல்லைக் காட்டியது. மூட்டை விதை மஞ்சளாகி, பழுப்பாகி, வலையின் மேலேயே சாய்ந்தது. சாலையிலிருந்து பார்த்தால் சணல் நிறமும் மண் நிறமும்தான்.

“என்ன சல்லடையம்மா, பூ எங்க? கண்ணாடி போட்டுக்கிட்டு வரணுமா?” என்று மேஸ்திரி கேட்டார்.

“தூங்குது அண்ணே.”

“தூங்குற ஆளுங்களை எழுப்பித்தானே எனக்குப் பழக்கம்?”

“இதை எழுப்ப முடியாது அண்ணே. அதுவா எழுந்திருக்கணும்.”

அவள் சொல்லிவிட்டாளே தவிர, சோறு இறங்கவில்லை. எத்தனை உள்ளே இருக்கிறது, எத்தனை வரும் என்று யார் கேட்டாலும் அவளிடம் பதில் இல்லை. தொழிலில் முதல்முறையாக, கொடுத்த சரக்கு என்ன செய்யும் என்று தெரியாமல் கொடுத்திருந்தாள்.

மழைக்காலத்தின் வாலில் ஒரு தூறல் விழுந்தது, சேலை நனைகிற அளவு. அடுத்த நாலைந்து நாள் வானம் மூட்டமாகவே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில் இன்ஜினியர் போன் செய்தார். “அம்மா, மேல இருந்து உத்தரவு வந்துடுச்சு. தவணை முடிஞ்சுதாம். மேஸ்திரி இன்னிக்கே ஆரம்பிக்கப் போறாரு. பச்சை இருக்கா இல்லையான்னு நீங்க ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லிடுங்க. நானும் வர்றேன்.”

இருவரும் ஆட்டோ பிடித்து ஓடினார்கள். கீழே பலகைகளை ஆட்கள் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஒரு கையில் நூல்கண்டும் மறு கையில் முளைக்குச்சியுமாக அளவு போட நேராகச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் பாவம், என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் அவர் பின்னாலேயே ஏறினார்.

பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்து வடிகால் ஓரமாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதி ஏறியதும் வலிக்கு உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வலைக்குள் பார்த்தாள்.

“மேஸ்திரி!” அவள் போட்ட சத்தத்தில் சாலையில் போன சைக்கிள்காரன் பிரேக் அடித்தான். “காலை எடுங்க!”

“பாம்பா?” மேஸ்திரி துள்ளி ஒரு காலைத் தூக்கினார்.

“பாம்பு இல்ல. கீழ பாருங்க.”

அவர் மிதித்த இடத்தில், சணல் கண்ணிக்குள், இரண்டு இலை. அரிசி அளவு. பாதம் பட்டும் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

“சரிம்மா, ஒண்ணுதானே. இங்க வைக்கிறேன்.”

“அங்கயும் இருக்கு!” என்றாள் சின்னவள், கைகளை ஊன்றி வடிகாலிலிருந்து எட்டிப் பார்த்து.

“இங்க?”

“இருங்க மேஸ்திரி, அங்க ரெண்டு” என்றார் இன்ஜினியர். அவரும் குனிந்திருந்தார்.

மேஸ்திரி தூக்கிய காலைத் தூக்கியபடியே, இன்ஜினியரின் தோளைப் பிடித்துக்கொண்டு, தன்னைச் சுற்றித் தரையைப் பார்த்தார். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒன்று தெரிந்தது. ஒன்று தெரிந்ததும் அதற்குப் பக்கத்தில் பத்து தெரிந்தது. கண் பழகப் பழக, சரிவு அவரைச் சுற்றி விரிந்துகொண்டே போனது. செத்துச் சாய்ந்த மூட்டை விதையின் நிழலில் நாலு இலையோடு சில. வெயிலைத் தாண்டி வந்து மொட்டு விட்ட ஒன்று. வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்கிற ஒன்று. இடையிடையே, தூறலுக்கு அப்புறம் மண்ணை முட்டிக்கொண்டு, முதுகு வளைந்து, இன்னும் தலையை வெளியே எடுக்காதவை. மேலே விளிம்புவரை, அந்தப் பக்கம் பாலம்வரை, கண்ணுக்கு எட்டிய மட்டும், எதுவும் எதைப்போலவும் இல்லாமல்.

“அடேயப்பா!” என்றார் மேஸ்திரி.

கீழே பலகையோடு இரண்டு ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

“டேய்! எவனும் மேல ஏறாதீங்கடா! அங்கயே நில்லுங்க! காலை வச்சீங்க, வெட்டிடுவேன்!” என்று ஒற்றைக்காலில் நின்றபடியே மேஸ்திரி கத்தினார்.

இன்ஜினியர் ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் போனை எடுத்தார். “சார், பச்சை நிக்குது சார்… இல்ல சார், போன வருஷம் மாதிரி இல்ல… ரோட்டுலேருந்து பாத்தாத் தெரியாது… எத்தனைன்னு சொல்ல முடியாது சார், இன்னும் வந்துக்கிட்டே இருக்கு… ஆமா சார், நீங்களே வந்து பாருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க.” அவர் ஒரு கணம் நிறுத்தினார். “ஷூவைக் கழட்டிட்டு ஏறணும் சார்.”

பெரியவள் எதையும் கேட்கவில்லை. முழங்கையை ஊன்றிக் கன்னம் தரையில் படுமளவுக்குச் சாய்ந்திருந்தாள். அவள் மூச்சுக் காற்றுக்கு இரண்டு இலைகள் ஆடின. அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மண் இருந்தது. அந்த வெறும் மண்ணைத்தான் அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க ஒண்ணும் இல்லையேக்கா” என்றாள் சின்னவள், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து.

“உஷ்” என்றாள் பெரியவள்.

சின்னவள் அவளுக்குப் பக்கத்திலேயே வடிகால் விளிம்பில் குப்புறப் படுத்தாள். இன்ஜினியரும் போனைப் பையில் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே மெதுவாக மண்டியிட்டார். பிடித்திருந்த தோள் கீழே போய்விட்டதால் மேஸ்திரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தள்ளாடினார்.

“ஏம்மா, ஏறினது சரி” என்றார். “இப்ப நான் எப்படி இறங்கறது?”

மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.